துரை என்ன படித்திருக்கிறார்?

தோட்டத்துத் தபால் பைக்கு ஒரு பூட்டு, இரண்டு சாவி. ஒரு சாவி உக்குவளைத் தபால் கந்தோரில் இருக்கும். மற்றது எங்கள் தோட்டத்து ஆபீஸில், பெரிய கிளாக்கரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும். நடுவில் இருக்கிற நாலு மைல் ஏற்றத்துக்கும் பை என் தோளில். துரைக்கு வருகிற சீமைக் கடிதம், கொழும்புக் கம்பனிக் கடிதம், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துச் சனங்களுக்கு இந்தியாவிலிருந்து வருகிற சாவுச் செய்தி, எல்லாவற்றையும் முதலில் சுமந்தவன் நான். கடைசியில் அறிந்தவனும் நான்தான். கிளாக்கர் ஐயா பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிடும்போது, மற்றவர்களோடு நானும் ஒரு ஆளாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பதினொரு வருஷம் அப்படிக் கேட்டேன். என் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு யார் எழுதப் போகிறார்கள்?

பயந்த சுபாவம் எனக்கு. மூன்று வளைவுக்கு ஒருமுறை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மழை வந்தால் இருக்கிற ஒரே சாக்கைப் பைக்குப் போர்த்திவிட்டு நான் நனைவேன். அப்படியும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, வழியில் ஏதாவது ஒரு கடிதம் விழுந்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். பூட்டிய பையிலிருந்து எப்படி விழும் என்று தம்பி கேட்பான். அவன் படித்தவன், அவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதோடு அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான் அரைப் பேருக்கு, அதாவது பெரிய ஆளுக்குக் கிடைப்பதில் பாதிச் சம்பளத்துக்கு, மலைக்குப் போனேன். பிறகு தபால் வேலை கிடைத்தது. தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். நானும் அம்மாவுமாக அவனை உக்குவளையில் ரயிலேற்றி மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். அவன் எஸ்.எஸ்.சி. பாஸானான். அதற்கு மேலும் படித்தான். ஒரு நாள் நானே சுமந்து வந்த பையிலிருந்து கிளாக்கர் ஐயா ஒரு நீளக் கடிதத்தை எடுத்தார். வாசித்தார், இன்னொரு தடவை வாசித்தார். தம்பியை யுனிவர்சிட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். கண்டிக்கு அந்தப் பக்கம். வருவதா இல்லையா என்று இத்தனையாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும்.

எங்கள் மலையில் அதுவரைக்கும் யாரும் அங்கே போனதில்லை. நாலு நாள் ஒரே பேச்சாக இருந்தது. பேச்சு பங்களாவுக்கும் ஏறியிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒந்தம்பிக்கு அதிர்ஷ்டம்டா. தொரையே சொன்னாரு. ஸ்டோர்ல டீமேக்கருக்கு அசிஸ்டென்ட் ஒரு ஆளு வேணுமாம். இங்கிலீசு எழுதத் தெரிஞ்சவனா இருக்கணுமாம்."

"ஐயா, அவனுக்கு யுனிவர்சிட்டி..."

"அதத்தான் சொல்றேன். ரெண்டையும் வெச்சிக்கிட்டு யோசி. சனிக்கெழமைக்குள்ள முடிவு வேணும். நீ யோசிச்சி முடிக்கிறதுக்குள்ள தேயில பூத்துக் காச்சிடும், அது எனக்குத் தெரியும். சனிக்கெழமை!"

ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே டீமேக்கர்தான் ராஜா. தனி வீடு, வீட்டைச் சுற்றி ரோஜாச் செடி, மோட்டார் சைக்கிள், வருஷ முடிவில் போனஸ். அசிஸ்டெண்டாகச் சேர்கிறவன் ஒழுங்காக இருந்தால் என்றைக்காவது டீமேக்கர். லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்த ஒருத்தன் அந்த வரிசையில் ஏறியதை நான் பார்த்ததில்லை. யுனிவர்சிட்டிக்குப் போனால் என்ன ஆவான் என்பதும் எனக்குத் தெரியாது. பட்டம் வாங்கினால் அரசாங்க உத்தியோகம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்களான எங்களுக்கு அது இல்லை, மனுப் போட்டு வாங்க வேண்டும். எங்கள் மனு எந்தக் கந்தோரில் எந்தக் கட்டுக்குள் தூங்குகிறதோ? பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி அதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அன்று சாயந்தரம் வீட்டில் சிரிப்பாக இருந்தது. உத்தியோகத்தர் யாரானாலும், தொழிலாளியும் தபால்காரனும் 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும், வயது பார்க்கக் கூடாது. உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனால் குசினி, அதாவது சமையலறைப் பக்கம்தான் நிற்க வேண்டும். தம்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காம்பிராவுக்குள் நடந்தான்.

"என்னா தபாலு, பை வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க ஐயா," என்றேன் நான்.

"ஏன் லேட்டு?"

"அட்டை கடிச்சிருச்சுங்க ஐயா."

அம்மா ரொட்டி தட்டுகிற கையோடு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் படுத்த பிறகு, தம்பி வீட்டுக் குசினி வாசலில் நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அது பரவாயில்லை, அவன் நன்றாக இருந்தால் போதும் என்றும் தோன்றியது. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் அந்தக் கேள்வி முளைத்தது: நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் என்ன படித்திருக்கிறார்கள்? நாலு மைல் நடக்கிறவனுக்குக் கேட்பதற்கா ஆளில்லை? கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

முதலில் டீமேக்கர் ஐயா. மறுநாள் அவர் பேருக்கு வந்த கடிதத்தைக் கொடுக்கிற சாக்கில் ஸ்டோருக்குள் போனேன். அரைத்த கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி, பிசைந்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் கண்ணைத் திறக்கும் வரை ஸ்டோரில் யாரும் பேசமாட்டார்கள்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. ஐயா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

அந்த மாதிரிக் கேள்வியை ஒரு தபால்காரன் கேட்பதில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பி விஷயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார்.

"எட்டாவது. அதுவும் ரெண்டு தடவ. இந்த வேலைக்கு மூக்குதான்டா வேணும். மூக்குக்கு எந்த காலேஜ்ல பட்டம் குடுக்கறான்? எங்கப்பா டிம்புள்ளப் பக்கம் டீமேக்கரு. 'எட்டாவதுக்கு மேல ஒனக்கு ஏறாது'ன்னு கழுத்தப் பிடிச்சி ஸ்டோருக்குள்ள விட்டாரு. அன்னைக்கிப் போட்ட காக்கிக் கால்சட்டதான் இது."

சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். எட்டாம் வகுப்பு! தம்பி அதைத் தாண்டி எத்தனையோ வருஷம். அப்படியென்றால் யுனிவர்சிட்டி எதற்கு?

அன்றைக்கே பங்களாவுக்குத் தபால் கொண்டு போனபோது சமையல்காரரைப் பிடித்தேன். அவரை எல்லோரும் அப்பு என்போம். மூன்று துரைகளுக்குச் சமைத்தவர். அவர் முட்டையை அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பு, தொரை என்னா படிச்சிருக்காரு?"

"எதுக்குக் கேக்கற? பொண்ணு பாக்கப் போறியா?"

"சொல்லுங்க அப்பு."

"நான் தூசி தட்டாத செவரு இந்த பங்களாவுல கெடையாது. மான் கொம்பு இருக்கு. செறுத்தத் தோலு இருக்கு. பந்து வெளாடற போட்டோ நாலு இருக்கு. பட்டமும் இல்ல, சர்ட்டிபிகேட்டும் இல்ல."

"ஒருவேள பெட்டிக்குள்ள வெச்சிருப்பாரு."

"பெட்டிய அடுக்கறதும் நாந்தான்டா!"

இந்த மலை முழுவதையும் ஆளுகிற மனுஷன், டீமேக்கரையும் கிளாக்கரையும் நிற்க வைத்துப் பேசுகிற மனுஷன், அவருக்கே பட்டம் இல்லையா?

"அப்ப எப்பிடி அப்பு தொரை ஆனாரு?"

"அவரு மாமா கம்பனியில பெரிய ஆளு. பதினெட்டு வயசுல கப்பல்ல வந்து எறங்குனாரு. சின்னத் தொரையா கொஞ்ச காலம் மலையில நடந்தாரு. அப்பறம் பெரிய தொரை."

"நம்மளுந்தான் நடக்கறோம்."

"நீ கீழ இருந்து மேல நடக்கற. அவரு மேல இருந்து கீழ நடந்தாரு. காலு வலி ஒண்ணுதான்." அப்பு முட்டைக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம், வெளிய சொல்லாத. மாசி மாசத்தோட தொரை சீமைக்குப் போறாரு. நாய்க்கு எடம் தேடச் சொல்லியிருக்காரு."

அந்தச் செய்தியின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. துரைக்குப் பட்டம் இல்லை என்ற அதிசயத்திலேயே இருந்தேன். அதை லயத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் விட்டேன். அது எப்படியோ தம்பி காதுக்கும் போயிருக்கிறது.

புதன்கிழமை காலையில் நான் கிளம்பும்போது தம்பி ஒரு உறையைக் கொடுத்தான். நல்ல வெள்ளை உறை, மேலே இங்கிலீஷில் அழகான எழுத்து.

"யுனிவர்சிட்டிக்குப் பதில் எழுதிட்டேன். போட்டுரு அண்ணே."

"எழுதிட்டியா? இன்னும் சனிக்கெழமை வரலியே..."

"விசாரணைக் கமிசன் முடியட்டும்னு நின்னா நான் கெழவனாயிருவேன். போட்டுரு."

வருகிறேன் என்றுதான் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். வேறு என்ன எழுதுவான்? அதற்காகத்தானே இத்தனை வருஷம் ரயிலேறினான்? உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

தபால் கந்தோர் வாசலில் சிவப்புப் பெட்டி இருக்கிறது. நான் அதற்கு முன்னால் நின்றேன். உறையை எடுத்தேன். போட்டுவிட்டால் போட்டதுதான், அதற்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம் இல்லை. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு நாளைக்குப் போட்டால் என்ன? மறுநாளும் உறை என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கடிதத்தைக்கூட ஒரு மணி நேரம் பிந்த விடாத நான், என் தம்பி கடிதத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். வியாழக்கிழமை அவன் கேட்டான்: "போட்டியா?" "போட்டாச்சு," என்றேன். என் வாயில் வந்த அந்தச் சொல்லை நானே திரும்பிப் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமைதான் உக்குவளையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரிடமும் கேட்டேன். மிளகும் கொக்கோவும் வாங்கி லொறி லொறியாக அனுப்புகிறவர்.

"நானா எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நானா? ஓதப் பள்ளியில ஓதினேன். ஸ்கூலுக்கு ரெண்டு வருஷம் போயிருப்பேன். அங்க இரிக்கிற கணக்குப்புள்ளதான் எஸ்.எஸ்.சி. பாஸ். அவர் எழுதுவாரு, நான் ஒப்பம் வெப்பேன்."

"அப்ப பெரிய படிப்பு தேவையே இல்லதானே நானா?"

அவர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "இது எங்கட வாப்பாட கடை தம்பி. ஒங்கட வாப்பா கடை ஏதும் வெச்சிட்டுப் போனாரா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டீமேக்கருக்கு அப்பா. துரைக்கு மாமா. நானாவுக்கு வாப்பா. மூன்று பேரும் பதிலோடு பதிலாக அதையும் சொல்லித்தான் இருக்கிறார்கள். நான் கேட்டது 'என்ன படிச்சீங்க' என்கிற பாதிக் கேள்வி. 'யாரோட பிள்ளை' என்கிற மிச்சப் பாதியைக் கேட்கவே இல்லை. தம்பிக்கு யார் இருக்கிறார்? தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பா, அவரும் இல்லை. நான் இருக்கிறேன், சாவியில்லாத ஒரு பையோடு.

துரை இருக்கிறாரே என்று மனசு சொன்னது. உடனே அப்பு சொன்னது ஞாபகம் வந்தது. நாய்க்கே இடம் தேடுகிறார்கள். துரை கப்பலேறினால் துரையின் வார்த்தையும் கூடவே ஏறும். அடுத்து வருகிறவர் தன் ஆளைக் கொண்டு வருவார். டீமேக்கருக்குக் கீழே இருக்கிற லயத்துப் பையனை, 'உன்னை யார் இங்கே விட்டது?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். காட்டுவதற்கு அவனிடம் ஒரு காகிதம் வேண்டாமா? அப்பன் இல்லாதவனுக்கு அந்தக் காகிதம்தான் அப்பன் என்று பட்டது. முடிவு செய்துவிட்டேன். நாளைக்குக் காலையில் முதல் வேலை, கடிதத்தைப் பெட்டியில் போடுவது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வழக்கம் போலச் சாக்கைப் பைக்குப் போர்த்தினேன். நான் நனைந்தேன். சட்டைப் பையில் இருந்ததும் நனைந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று உறையை எடுத்தால், அந்த அழகான எழுத்தெல்லாம் நீல ஆறாக ஓடிக் கிடக்கிறது.

உள்ளே ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பை பூட்டுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது.

"என்ன, இண்டைக்கு முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

உறையை நீட்டினேன்.

"ஐயோ, இதைப் போட்டால் எந்தத் தேசத்துக்குப் போகுமோ! எங்க அனுப்பிறது?"

"யுனிவர்சிட்டிக்குங்க. தம்பி. திங்கக்கெழமைக்குள்ள அங்க போய்ச் சேரணும்."

"உள்ளுக்க விலாசம் இருக்கும். பாத்துப் புது உறையில எழுதித் தாறன். ஆனா நான் உடைக்கக் கூடாது, அது சட்டம். நீர் உடைச்சுத் தாரும்."

என் கையால் ஒரு கடிதத்தைப் பிரித்தது அதுதான் முதல் தடவை. போஸ்ட்மாஸ்டர் ஐயா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். உள்ளே அவ்வளவாக நனையவில்லை. வாசித்து முடித்தும் விலாசம் எழுதாமல் என்னையே பார்த்தார்.

"தம்பி போறாரெண்டோ நினைச்சுக்கொண்டிருக்கிறீர்?"

"ஓமுங்க."

"இதில வேண்டாமெண்டெல்லோ எழுதியிருக்கு. வீட்டு நிலைமை காரணமாகத் தன்னால் வர ஏலாது, இடத்தை வேற ஆருக்கும் குடுக்கலாம், மன்னிக்க வேணும். நல்ல இங்கிலீஷ்."

புதன்கிழமை நான் அதைப் பெட்டியில் போட்டிருந்தால்?

என் பழைய கேள்வியைத்தான் கேட்டேன். "ஐயா, பட்டம் படிச்சா நல்ல சம்பளம் கெடைக்குமா?"

"என்னட்டையோ கேக்கிறீர்? என்ர மூத்தவன் பி.ஏ. முடிச்சு ரெண்டு வரியம். காலமை எழும்பிப் பேப்பர் பாக்கிறான். பின்னேரம் அதே பேப்பரைத் திருப்பிப் பாக்கிறான். அதுதான் உத்தியோகம்." கடிதத்தை மடித்தார். "அதுக்காகச் சின்னவனை மறிச்சனானோ? இல்லை. அவனும் படிக்கிறான். ஏனெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்ப இதை அனுப்பவோ, விடவோ?"

"குடுங்க ஐயா," என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று பையை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டுப் பெயர் கூப்பிடுவதைக் கேட்க நிற்கவில்லை. தம்பி மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். மழை விட்டிருந்தது, இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பிரித்த கடிதத்தை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ பிரிச்சியா?"

"பிரிச்சேன்."

"அடுத்தவன் கடுதாசிய வெளிச்சத்துல கூட தூக்கிப் பாக்காத ஆளு நீ! போட்டாச்சுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன். நீ மட்டும்? வேணாம்னு எழுதிட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா? ஏன் இப்பிடி எழுதுன?"

அவன் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே நின்றான். "டீமேக்கர்கிட்ட கேட்ட. அப்புகிட்ட கேட்ட. தொரையே படிக்கலேன்னு லயமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. என்கிட்ட மட்டும் கேக்கல. போக வேணாம்னு யாராச்சும் ஒருத்தன் சொல்லிர மாட்டானான்னு நீ தேடறேன்னு நெனச்சேன். நீ எத்தன வருஷம்தான் சொமப்ப? வாய்விட்டுச் சொல்ல முடியாம தவிக்கிறன்னு நெனச்சி நானே எழுதிட்டேன்."

"நான் தெரிஞ்சிக்கத்தான்டா கேட்டேன்! வேற ஒண்ணும் இல்லடா!"

அவனுக்கு அது விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒருத்தன் சும்மா தெரிந்துகொள்வதற்காகவே கேட்பான் என்பதை எங்கள் தோட்டத்தில் யார் நம்புவார்கள்? எனக்கே அந்த வாரம்தான் தெரியும்.

"சரி, ஒனக்குப் போக ஆசையா இல்லையா? மொதல்ல அதச் சொல்லு."

"ஆசதான்," என்றான் மெதுவாக. பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "எல்லார்கிட்டயும் கேட்டியே, நீயே சொல்லு. படிச்சி வந்தா டீமேக்கர் சம்பளம் வருமா?"

"தெரியாது."

"வேல கெடைக்குமா?"

"போஸ்ட்மாஸ்டர் ஐயா மகனுக்கே கெடைக்கல. அவங்களுக்குப் பிரஜாவுரிமையும் இருக்கு."

"அப்ப எதுக்கு அண்ணே போகணும்?"

காகிதம்தான் அப்பன் என்று நேற்று ஏற்றத்தில் நினைத்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றும் நிலைக்கவில்லை. மனசில் மிஞ்சி நின்றது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"யாருக்கும் தெரியலடா. நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவன் பீலித் தண்ணீரை அள்ளி என் மேல் அடித்தான். "நீ தெரிஞ்சிக்கறதுக்காக நான் நாலு வருஷம் படிக்கணுமா?"

"ஏற்கெனவே நனஞ்சிட்டேன், விடுடா!"

சனிக்கிழமை புதுக் கடிதம் எழுதினான். என் கையில் கொடுக்கவில்லை. என்னோடு நாலு மைலும் நடந்து வந்து, தானே பெட்டியில் போட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியின் வாயில் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். "இனிமே எந்தக் கடுதாசியும் ஒங் கையில தரமாட்டேன்," என்றான். பெரிய கிளாக்கரிடம் வேலை வேண்டாம் என்று சொன்னபோது, பொழைக்கத் தெரியாத குடும்பம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிகிற வரைக்கும் நான் பட்ட பாடு இருக்கிறதே! தினமும் பையை வெளியிலிருந்து அமுக்கி அமுக்கி, நீளக் கடிதம் ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். கடைசியில் ஒரு நாள் வந்தது. இடம் இருந்தது.

முடிவு தெரியாமல் எனக்கு இருக்க முடியாது, வாசிக்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆகையால் சொல்லிவிடுகிறேன். அந்த அசிஸ்டெண்ட் வேலை கிளாக்கர் ஐயாவின் மனைவியின் தம்பிக்குப் போனது. புதுத் துரை வந்தார், அந்த மைத்துனரை ஒன்றும் சொல்லவில்லை. நான் பயந்தது நடக்கவே இல்லை. அந்த மைத்துனர் பிறகு வேறு தோட்டத்தில் டீமேக்கராகிக் காரும் வாங்கினார். தம்பி பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, மாத்தளையில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, பிரஜாவுரிமை கிடைக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் வாத்தியாரானான். சம்பளத்தில் டீமேக்கரை அவன் எட்டியதேயில்லை. ஆனால் அவனுடைய பிள்ளைகளிடம் 'யாரோட பிள்ளை' என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கிறது. இதில் எது கூட, எது குறைவு என்று இன்றைக்கும் நான் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுகிற ஒரு நாள் இருக்கிறது. தம்பி போய் இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். கிளாக்கர் ஐயா பையைத் திறந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். நான் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

தமிழில் எழுதியிருந்தான், எனக்கு வாசிக்க வசதியாகப் பெரிய பெரிய எழுத்தில்.

'நீ பார்த்து வந்து சொல்லச் சொன்னதை இங்கே எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன் அண்ணே. இங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இங்கே கேள்வி கேட்கிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கேட்பதற்கென்றே பெரிய மண்டபம் கட்டி நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். நீ வந்திருக்க வேண்டிய இடம்.'

இரண்டு தடவை வாசித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஆபீஸிலிருந்து லயத்துக்குக் கிளம்பும்போது மழை தொடங்கிவிட்டது. பை ஆபீஸில் பத்திரமாக இருந்தது. சாக்கை எடுத்து என் மேல் போர்த்திக்கொண்டு நடந்தேன்.